குட்டி சும்மா நிற்குமா? மார்வாரிக் குட்டியை முதல் காட்சிக்குத் தயார்ப்படுத்தியது

குதிரைக்குட்டியைக் குதிரைக் காட்சிப் போட்டிக்குக் கொண்டு போகப் போகிறேன் என்று ஊரில் சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன தீனி போடறீங்க?" அடுத்தது, "சுழி எப்படி?" (உடம்பில் முடி சுழித்திருக்கும் இடங்களை வைத்து ராசி பார்ப்பது.) அதற்கும் அடுத்தது, "என்ன விலை சொல்லுவீங்க?" குட்டி சும்மா நிற்குமா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஆனால் ரிங்குக்குள், அதாவது குட்டிகளை நடுவர் பார்க்கும் வளையத்துக்குள் போய்விட்டால் பெரும்பாலான நேரம் குட்டி நின்றுகொண்டுதான் இருக்கும். வரிசையில் நிற்கும், நடுவர் முன்னால் நிற்கும், அடுத்தவன் குட்டி ஆட்டம் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் முதல் காட்சிக்குத் தயார்ப்படுத்துவது என்றால் என்னைப் பொறுத்தவரை நிற்கப் பழக்குவதுதான், தீனியும் பளபளப்பும் அதற்குப் பின்னால் வரட்டும்.

எங்களுடையது காங்கேயம் பக்கம், தலைமுறையாக மாடு வைத்திருக்கிற வீடு. குதிரை அப்பா காலத்தில் ஆசைக்கு வந்தது, என் காலத்தில் கொஞ்சம் தீவிரமாகிவிட்டது. குட்டி பெயர் ராணி. மார்வாரி என்ற ராஜஸ்தான் இனம், பெட்டைக்குட்டி, கருஞ்செவலை நிறம், நெற்றியில் சின்னதாக ஒரு வெள்ளை. இவளுடைய தாயை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கினோம். காட்சி சமயத்தில் ராணிக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தது, ஆகவே பால் பல் வகுப்பு. குதிரைக்கு நடு முன்பற்கள் விழுந்து நிலைப்பல் வருவது ஏறக்குறைய இரண்டரை வயதில், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். வடக்கே பால் பல் குட்டியை அதந்த் என்பார்கள், இரண்டு பல் போட்டதைத் தோ தந்த் என்பார்கள், வகுப்பே அப்படித்தான் பிரியும். நீங்கள் வாயால் சொல்லும் வயதைவிட குட்டியின் வாயைத்தான் நம்புவார்கள். முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து உதட்டைப் பிரித்துப் பல் பார்க்கும்போது குட்டி தலையைத் தூக்கி அடிக்காமல் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இந்த வகைக் காட்சியில் சேணம் கிடையாது, சவாரி கிடையாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாம்தான் கூட ஓட வேண்டும். எல்லாக் குட்டிகளும் சேர்ந்து சுற்றி நடக்கும், பிறகு வரிசை, பிறகு ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்பது, நேராக நடந்து போய்த் திரும்பி டிராட் என்கிற மெல்லோட்டத்தில் நடுவரைத் தாண்டிப் போவது. பக்கவாட்டில், முன்னால், பின்னால் என்று மூன்று பக்கமும் பார்ப்பார்கள். மார்வாரி என்பதால் காது, கழுத்து, கண், முகவெட்டு எல்லாம் இனத்துக்குரியதாக இருக்கிறதா என்று தனியாக ஒரு கண் இருக்கும். உள்பக்கம் வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடுகிற காதுதான் இந்த இனத்துக்கு அடையாளமே, கூட்டத்தில் பாதிப் பேர் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். நடுவர்கள் காலைப் பார்ப்பார்கள்.

மாடு வளர்த்த வீட்டில் குதிரை பழக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கிறது, இழுத்தால் வரும், கட்டுத்தறியில் கட்டிவிட்டால் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு நின்றுவிடும். குதிரைக்குட்டியை அப்படித் தலைக்கயிறு போட்டுக் கல்தூணில் கட்டினால் அது பின்னால் இழுக்கும், கயிறு விடவில்லை என்றால் பயந்து இன்னும் இழுக்கும், முன்னங்காலைத் தூக்கும், மல்லாந்து விழும். விழுந்தால் பிடரி எலும்பில் அடி, சில சமயம் அத்தோடு கதை முடிந்தது. நாங்கள் தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவே பழைய டயர் டியூப்பை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தோம். இழுத்தால் நீளும், தலையை முன்னால் கொண்டுவந்தால் தானாகத் தளரும். இழுப்பதில் லாபம் இல்லை என்று குட்டி தானே கண்டுகொள்ளும்.

கூட நடத்துவதும் அதே கணக்குதான். குட்டிக்கு முன்னால் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டு இழுத்தால் எந்தக் குட்டியும் வராது. தோளுக்குப் பக்கத்தில், இடது பக்கம் நின்று, நாம் போக வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். கயிற்றில் லேசாக ஓர் அழுத்தம், ஒரு காலை எடுத்து வைத்த உடனே தளர்த்திவிட வேண்டும். தளர்த்துவதுதான் பாடம், இழுப்பது இல்லை. ஆரம்பத்தில் பிட்டத்தைச் சுற்றி இன்னொரு மெத்தைக் கயிறு போட்டு, முன்னால் இழுப்பதற்குப் பதிலாகப் பின்னாலிருந்து லேசாக உந்தினோம், பாதி வேலை அதிலேயே முடிந்தது. வலது பக்கம் நின்றும் நடத்திப் பழக்குங்கள். ரிங்கில் தேவைப்படாது, லாரிக்கதவு பக்கம் கட்டாயம் தேவைப்படும்.

இப்போது நிற்கும் விஷயம். ஊட்டியில் ரேஸ் குதிரைகளோடு பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சயிஸ் (குதிரை பராமரிப்பவர்) ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்து போவார். நான் ராணியை நிறுத்த முயற்சி செய்வதையும், அவள் நகர்வதையும், நான் கயிற்றை வெட்டி இழுப்பதையும், அவள் இன்னும் நகர்வதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அவ நிக்கறது இருக்கட்டும், மொதல்ல நீங்க நில்லுங்க" என்றார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் விஷயம் அதுதான். பிடித்திருப்பவர் காலை மாற்றி மாற்றி வைத்தால், கையால் கழுத்தைத் தட்டிக்கொண்டே இருந்தால், "ஹோ ஹோ" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் குட்டிக்கு எதுவோ நடக்கப் போகிறது என்றுதான் தோன்றும். அவர் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு முறை "நில்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தளர விட்டு நான் அப்படியே நின்றேன். நகர்ந்தால் கோபப்படாமல் அதே இடத்துக்குப் பின்னால் தள்ளிக் கொண்டுவந்து மறுபடி "நில்". முதலில் அரை நிமிடம் நின்றாலே போதும், அவள் நகர்வதற்கு முன்னால் நாமே "போலாம்" என்று நடத்திவிட வேண்டும். நிற்பதை முடிப்பது நாமாக இருக்க வேண்டும், குட்டியாக இருக்கக் கூடாது. இந்தக் குறிப்பு ஒன்றுக்காகவே அவருக்கு நான் ஆயுசுக்கும் டீ வாங்கிக் கொடுக்கலாம்.

நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் நான் பக்கத்து வீட்டு அண்ணனோடு நின்று மழை, தேங்காய் விலை என்று பேசி முடிக்கும்வரை அவள் ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு தூங்குகிற அளவுக்கு வந்தது. அதற்கப்புறம்தான் கால் வைக்கிற பாங்கு. நடுவர் இடது பக்கம் இருந்தால், அந்தப் பக்க முன்னங்கால் ஒரு குளம்பளவு முன்னால், அந்தப் பக்கப் பின்னங்கால் கொஞ்சம் பின்னால். மறுபக்கத்துக் கால்கள் அவற்றுக்கு நடுவே தெரிய, நான்கு காலும் தனித்தனியாகக் கண்ணுக்குப் படும். காலைக் கையால் தூக்கி வைக்காமல், கயிற்றால் ஓர் எட்டு முன்னால் அல்லது பின்னால் நகர்த்தித்தான் இதைச் செய்ய வேண்டும். இன்னொரு சின்ன உபாயம்: இந்த வயதுக் குட்டிகள் அடிக்கடி பின்பக்கம் உயர்ந்து, தோள் மேடு தாழ்ந்து நிற்கும், வளர்ச்சியில் முன்னும் பின்னும் மாறி மாறி வருவதால். அதனால் தரை கொஞ்சம் சரிவாக இருந்தால் முன்னங்கால் மேட்டுப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். இதைச் செய்யாதவர் எவரும் இல்லை, நடுவருக்கும் தெரியும், ஆனாலும் செய்வோம்.

சுழிக்கு வருகிறேன். எனக்குச் சுழி சாஸ்திரத்தில் பெரிய நம்பிக்கை இல்லை, எதிர்த்து வாதாடுகிற தைரியமும் இல்லை. ஆனால் ராணியைப் பார்க்க வருகிற ஒவ்வொரு மாமாவும் பெரியப்பாவும் நெற்றி முடியை விலக்கிப் பார்ப்பது, கழுத்தடியில் தடவுவது, வயிற்றுப் பக்கம் குனிவது, பின்னால் போய் வாலைத் தூக்குவது என்று ஒரு முழுப் பரிசோதனை நடத்துவார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தால், முகம் தெரியாத ஆட்கள், வேட்டி, லுங்கி, சிகரெட் வாசனை, கைத்தடி, குடை என்று எல்லா வகையும் வந்து உடம்பு முழுக்கத் தொட்டுப் பார்க்கிற இந்தப் பயிற்சியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. வந்தவர்களிடம் இரண்டே நிபந்தனை வைத்தேன்: தோளிலிருந்து ஆரம்பித்துத் தடவிக்கொண்டே போங்கள், பின்னங்காலுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். பல் பார்க்கத் தெரிந்தவர்களைப் பல்லும் பார்க்கச் சொன்னேன்.

சத்தத்துக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. தீனி வைக்கிற நேரத்தில் கொட்டகையில் ஸ்பீக்கரில் பாட்டு, முதலில் மெதுவாக, போகப் போகக் கூட்டி. எங்கள் ஊரில் மாரியம்மன் நோன்பு வந்தால் மற்றது தானாக நடந்துவிடும். ராணி நிஜமாகப் பயந்தது சத்தத்துக்கு இல்லை, ஃபிளக்ஸ் பேனருக்கு. காற்றில் அது படபடவென்று அடிப்பதும், வெயிலில் மின்னுவதும் அவளுக்கு ஆகவே ஆகாது. எந்த மைதானத்துக்குப் போனாலும் பேனர் இல்லாமல் இருக்காது. யாரோ வீட்டுக் காதணி விழாவின் பழைய பேனர் ஒன்றை வாங்கி வந்து கிளுவை வேலியில், அவள் மேய்கிற இடத்துக்குத் தூரமாகக் கட்டி, சில நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கிட்டே நகர்த்தினோம். கடைசியில் அந்தக் குழந்தையின் முகத்துக்குக் கீழேயே நின்று கொழுக்கட்டைப் புல் மேய்ந்துகொண்டிருந்தாள்.

கொழுக்கட்டைப் புல் என்றதும் தீனி பற்றிச் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. காட்சிக்கு முன்னால் குட்டியைக் கொழுக்க வைப்பது நம் பக்கம் ஒரு வழக்கமாகிவிட்டது. அவித்த கொள்ளு, தவிடு, நாட்டுச்சர்க்கரை, சில இடங்களில் நெய், முட்டை. உடம்பு உருண்டு பளபளவென்று இருக்கும், வாங்க வருகிறவர் மயங்குவார். வளர்கிற குட்டிக்கு அந்த எடை காலில்தான் இறங்கும். தானியம் அளவுக்கு மீறினால் எலும்பு வளர்கிற நுனிகள் வீங்கும், முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலேயும் கணு மூட்டிலும் புடைப்புத் தெரியும், நடை கட்டையாகிவிடும். ராணிக்கு நான் வைத்த அளவுகோல் இதுதான்: விலாவில் கையை வைத்து லேசாக அழுத்தினால் எலும்பு விரலில் பட வேண்டும், பார்வைக்குத் தெரியக் கூடாது.

அதைவிட முக்கியமானது கால்சியம். எங்கள் கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல்லில் வளர்ந்த காங்கேயம் மாட்டின் எலும்பைப் பற்றி நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதே புல் குதிரைக்கு அப்படி வேலை செய்யாது. இந்தப் புல்லில் ஆக்சலேட் என்று ஒரு பொருள் இருக்கிறது, நேப்பியர் வகைத் தீவனப்புல்லிலும், எருமைப்புல்லிலும் உண்டு. மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த ஏற்பாடு இல்லாததால் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு லத்தியோடு வெளியே போய்விடும். போதாக்குறைக்கு நாம் வைக்கிற கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். விகிதம் தலைகீழானால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். முகத்தெலும்பு வீங்கும், காரணம் தெரியாத நொண்டல் வரும். மொத்தத் தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். நாங்கள் மேய்ச்சலை நிறுத்தவில்லை, தவிட்டைப் பெருமளவு குறைத்தோம், தினமும் குதிரைமசால் கட்டுப் போட்டோம். பெயரிலேயே குதிரை இருக்கிற இந்தத் தீவனத்தில் கால்சியமும் அதிகம், புரதமும் அதிகம். கூடவே தாது உப்புக் கலவை, கால்நடை மருத்துவர் சொன்ன அளவில். கொள்ளு வைத்தோம், ஆனால் ஒரு கைப்பிடி கணக்கில், நன்றாக வேகவைத்து. பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, வேகவைத்தால் போய்விடும்.

குளம்புக்கு ஆள் தேடுவதுதான் எங்கள் பக்கம் பெரிய கஷ்டம். மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் மாட்டைக் கீழே தள்ளிக் கட்டிப் போட்டு வேலை செய்து பழகியவர்கள், குதிரை நின்றபடி காலைக் கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பே அவர்களுக்கு இல்லை. கோயம்புத்தூரில் குதிரைச் சவாரிப் பள்ளிகளுக்குப் போகிற ஒருவரை வரவழைத்தோம். பால் பல் குட்டிக்கு லாடம் தேவையில்லை, ஆறு வாரத்துக்கு ஒரு முறை சீவி அரம் போட்டால் போதும். காட்சிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் கடைசிச் சீவல். முந்தின நாள் சீவி, கல் குத்தி, ரிங்கில் நொண்டிய குட்டியை அங்கேயே பார்த்தேன். இன்னொன்று: முன்னங்கால் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தால் குளம்பை ஒரு பக்கம் அழுத்திச் சீவி நேராக்கித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணு மூட்டை ஒட்டிய எலும்பு நுனி பிறந்த முதல் சில மாதங்களிலேயே தன் வளர்ச்சியைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. ஒன்றரை வயதில் குளம்பைச் சாய்த்துச் சீவினால் கால் நேராகாது, மேலே உள்ள மூட்டுகளுக்குத்தான் கூடுதல் பாரம். இருப்பதை இருக்கிறபடியே காட்டிவிட்டு வரலாம்.

முடி விஷயத்தில் ஒரே ரகசியம் கை வலிக்கத் தேய்ப்பது. தினமும் ஷாம்பு போட்டால் தோலின் எண்ணெய்ப்பசை போய் முடி மங்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளக்க வைப்பவர்களும் உண்டு, நம் மைதானங்களின் புழுதியில் அரை மணி நேரத்தில் குட்டி செம்மண் நிறமாகிவிடும். ரப்பர் சீப்பால் வட்டமாக, பிறகு பிரஷ், கடைசியில் பழைய பருத்தித் துணி. கருஞ்செவலை என்பதால் வெயிலில் நிறம் வெளுத்துவிடும் என்று உச்சி வெயிலில் வெள்வேல் மர நிழலில் நிறுத்தி, மேய்ச்சலைக் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் வைத்துக்கொண்டோம். காதுக்குள் இருக்கும் முடியை வழித்துவிடச் சொன்னார்கள், செய்யவில்லை. ஈயும் பூச்சியும் உள்ளே போகாமல் இருப்பதற்குத்தான் அது இருக்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் கத்தரித்தோம். குஞ்சம், மணி, சங்கு மாலை எதுவும் இல்லை, சுத்தமான தோல் தலைக்கயிறு மட்டும். அம்மா கண்ணுபட்டுவிடும் என்று முன்னங்காலில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். காலின் வடிவத்தை வெட்டிக் காட்டுகிறது என்று சொல்லி அதை வால் முடிக்குள் மாற்றிக் கட்ட ஒப்புக்கொள்ள வைத்ததுதான் இந்த மொத்த ஏற்பாட்டிலேயே கடினமான பேச்சுவார்த்தை.

காகிதங்களைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். குதிரைகள் கூடுகிற இடம் என்றால் கிளாண்டர்ஸ் சோதனைச் சான்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். பாக்டீரியாவால் வரும் நோய், மனிதருக்கும் தொற்றும், சிகிச்சை கொடுத்துக் காப்பாற்ற அனுமதி கிடையாது. உறுதியானால் 2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதுதான். ரத்த மாதிரியைக் கால்நடை மருத்துவர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு நாட்டின் தலைமை இடம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம். முடிவு வரக் காலம் பிடிக்கும் என்று வைத்துத்தான் நாள் குறிக்க வேண்டும். டெட்டனஸ் ஊசியையும் முன்னாலேயே போட்டுவிடுங்கள். ஊசி போட்ட இடம் வீங்கி, கழுத்தைத் திருப்ப முடியாமல் குட்டி ரிங்குக்கு வந்தால் யாரைக் குறை சொல்வது.

வண்டி. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று ஒருவர் சொன்னார், பெயர்ப் பொருத்தம் தவிர வேறு எந்தப் பொருத்தமும் எனக்குத் தெரியவில்லை. 250 கிலோ எடையுள்ள ஒரு பயந்த மிருகம் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும். உயரமான பக்கப் பலகை வைத்த பெரிய பிக்கப் எடுத்தோம். தோட்டத்தில் வரப்பை ஒட்டி ஒரு மண்மேடு போட்டு, வண்டியின் பின்பக்கத்தை அதோடு சேர்த்து நிறுத்தினால் ஏறுவதற்குச் சரிவே தேவையில்லை, சமதளத்தில் நடந்து உள்ளே போகலாம். தரையில் மணல், மேலே வைக்கோல், வழுக்கக் கூடாது. பல நாட்கள் எங்கேயும் போகாமல் வண்டியிலேயே குதிரைமசால் வைத்தோம், பிறகு எஞ்சினை ஓட விட்டு, பிறகு ஊர் எல்லை வரை ஒரு சுற்று. தலையைக் கட்டுகிற முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்கு முடிச்சாக இருக்கட்டும். வெயிலுக்குப் பயந்து இரவில் கிளம்பினோம். கேனில் வீட்டுத் தண்ணீர் எடுத்துப் போனோம், ஏனென்றால் வெளியூர்க் குழாய்த் தண்ணீரின் வாசனைக்கு நிறையக் குதிரைகள் வாய் வைக்காது, வைக்கவில்லை என்றால் வயிற்றுவலிதான். முன்கூட்டியே வீட்டில் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கலந்த தண்ணீருக்குப் பழக்கிவிட்டால் எந்த ஊர்த் தண்ணீரிலும் அதைக் கலந்து கொடுத்துவிடலாம்.

காட்சி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில். விடிவதற்குள் போய்விட்டதால் கூட்டம் சேருமுன் அவளை மைதானம் முழுக்க நடத்த முடிந்தது, பேனர்கள் இருக்கிற பக்கம் கொஞ்சம் அதிகமாக. இரண்டு மணி நேரம் முன்னால் போவது வேறெந்தத் தயாரிப்பையும்விட லாபம். நான் வெள்ளைச் சட்டை, பேண்ட், ஷூ. வேட்டியில் போகச் சொன்ன உறவினர்களுக்கு, டிராட்டில் குட்டிக்குப் பக்கத்தில் ஓட வேண்டும் என்பதை நினைவூட்டினேன்.

ராணி உள்ளே நுழைந்ததும் கத்தினாள். தாயைத் தேடிக் கூப்பிடுவது, அதை எந்தப் பயிற்சியும் நிறுத்தாது, பதில் வராவிட்டால் தானே அடங்கும். எங்களுக்கு அடுத்து நின்ற ஆண் குட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் கயிறு பிடித்து, தலையை மேலே இழுத்து நிறுத்தியிருந்தார்கள், சந்தைகளில் செய்கிற மாதிரி. காது முன்னால் நிமிர்வதற்காக ஒருவர் கூழாங்கல் போட்ட டப்பாவை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய குட்டிக்கு அந்த டப்பா பழகிப் போயிருக்க வேண்டும், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராணிக்கோ புதுச் சத்தம், காதை நிமிர்த்தி நுனி இரண்டும் தொட அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாக நடுவர் எங்கள் முன்னால் வந்தபோது. டப்பாக்காரருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். பல் பார்த்தார், கால்களைத் தடவிப் பார்த்தார், அவள் அசையவில்லை. டிராட்டில் பாதி தூரம் அழகாக வந்துவிட்டு ஒரு துள்ளல் போட்டாள். கயிற்றை இழுக்காமல் கூடவே ஓடினேன், அடங்கிவிட்டது.

நான்காவது இடம். பின்னங்கால் முட்டியில் வளைவு கொஞ்சம் அதிகம், கழுத்தும் தலையும் நன்றாக இருக்கிறது, இன்னும் நிரம்ப வேண்டிய குட்டி என்றார் நடுவர். அந்த வளைவு எனக்கும் தெரியும், தாயிடமிருந்து வந்தது. முதலிடம் வந்த குட்டி நிஜமாகவே நல்ல குட்டி. இரண்டாவது வந்ததை நான் அந்த இடத்தில் வைத்திருக்க மாட்டேன், அத்தனை சதை அந்தக் கால்களுக்குத் தாங்காது, ஆனால் நடுவர் நான் இல்லை.

திரும்பி வந்ததும் நேராகத் தாயிடம் விடவில்லை. காட்சியில் இருமிக்கொண்டிருந்த குதிரைகள் இரண்டு மூன்றைப் பார்த்தேன். தொண்டையில் கட்டி வந்து பழுக்கிற ஸ்டிராங்கிள்ஸ் மாதிரியான நோய், தொற்றிய பிறகு வெளியே தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். தனிக் கொட்டகை, தனி வாளி, தனி பிரஷ், மற்றக் குதிரைகளைப் பார்த்து முடித்த பிறகுதான் அவளைத் தொடுவது என்று மூன்று வாரம் வைத்திருந்தோம். தினமும் காலையில் ஆசனவாயில் தெர்மாமீட்டர். குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம், அதற்கு மேல் ஏறினால் கட்டி தெரிவதற்கு முன்பே மருத்துவரைக் கூப்பிட்டுவிடலாம். நல்லவேளை, எதுவும் வரவில்லை. இப்போது தாயோடு கொறங்காட்டில் இருக்கிறாள், இரண்டு பல் போடும்வரை வேறு காட்சி கிடையாது, வாரத்தில் ஒரு நாள் வண்டியில் ஏற்றி இறக்குவதை மட்டும் விடாமல் செய்கிறோம்.